கரிசல் காட்டில் ஒரு மைக்ராஸ்கோப்

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் மூன்று ரத்தப் பரிசோதனை நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. காலை ஏழரை மணிக்கே மூன்றிலும் கூட்டம். நடுவில் இருந்ததன் வாசலில் செருப்பு விட இடமில்லை. வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு வாசித்தார்கள். உள்ளே ஸ்பிரிட் வாடை, வெளியே பக்கத்துக் கடை வடைச் சட்டி வாசனை. சுவரில் விலைப்பட்டியல்: சுகர் 60 ரூபாய், முழு ரத்தப் பரிசோதனை 300, தைராய்டு 400. கடைசிக்கு முந்தின வரியில் ‘ஸ்மியர் 150’. நான் தேடி வந்தது அந்த வரியைத்தான். மற்றதெல்லாம் மெஷின் எண்ணிச் சொல்வது. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்கும் ஸ்மியரை மட்டும் இன்னும் மனிதக் கண் பார்க்கிறது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செல் படம் வரைந்திருக்கிறோம். நடுவில் உட்கரு, ஓரத்தில் மைட்டோகாண்ட்ரியா, பென்சிலால் அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்தால் ஐந்து மார்க். அதோடு அந்தப் படம் முடிந்துவிடுகிறது. பிறகு நாற்பது வயதில் சுகர், ரத்தசோகை, கட்டி என்று ஒவ்வொன்றாக வரும்போது, அந்தப் படத்தில் எந்தப் பாகம் கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. நோயைச் செல்லுக்குள் தேட வேண்டும் என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1858-லேயே புத்தகம் போட்டுவிட்டார். அதை இந்த வறண்ட பூமியிலேயே கண்ணால் பார்க்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன். அருப்புக்கோட்டையில் ஆரம்பித்துத் திருச்சுழியில் முடிப்பதாகத் திட்டம். திருச்சுழி ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. அங்கே போனதும் சொல்கிறேன்.

டெக்னீஷியன் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மதுரையில் டி.எம்.எல்.டி. படித்தவர். விஷயத்தைச் சொன்னதும், “ஒன்பதரைக்கு மேல வாங்க சார், கூட்டம் கொறஞ்சிரும்” என்றார். சொன்ன நேரத்துக்குப் போய் நின்றேன். பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு ஒரு ரத்தக் குப்பியை எடுத்தார். மில்லில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுடையது என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு துளி. இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரே தள்ளு. துளி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து பரவியது. காய்ந்ததும் லீஷ்மன் சாயத்தை ஊற்றி, இரண்டு நிமிஷம் கழித்துத் தண்ணீர் கலந்து, மறுபடி பத்து நிமிஷம் காத்திருந்தார். கழுவிச் சாய்த்து வைத்து, காய்ந்த பிறகு மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸை அந்த எண்ணெயில் படும்படி இறக்கினார். கண் வைக்கிற லென்ஸ் பத்து மடங்கு. ஆக, ஆயிரம் மடங்கு.

“பாருங்க சார்.”

முதலில் வெறும் வெளிச்சம். திருகை நூலிழை அளவு நகர்த்தியதும் சட்டென்று தெளிந்தது. திட்டுத்திட்டாக நூற்றுக்கணக்கில் சிவப்பணுக்கள். ஆனால் புத்தகத்தில் பார்த்த மாதிரி நிறைந்த வட்டங்கள் இல்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு, நடுவெல்லாம் வெறும் வெளுப்பு. யாரோ கண்ணாடி வளையல்களை அள்ளிக் கொட்டி வைத்தது போல. நல்ல சிவப்பணுவில் நடுவே மூன்றில் ஒரு பங்குதான் வெளுத்திருக்கும். இவற்றில் பாதிக்கு மேல் காலி.

“டாக்டர்கிட்ட போனா ரத்தம் கம்மின்னு சொல்லுவாங்க. நீங்களே பாருங்க, செல்லு நிறையத்தான் இருக்கு. உள்ள சரக்குதான் இல்ல” என்றார் அந்தப் பெண். அந்தக் குப்பிக்கு மெஷின் தந்த ஹீமோகுளோபின் 7.8.

சிவப்பணு ஒரு விசித்திரமான செல். குறுக்களவு ஏறத்தாழ ஏழு மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்று நாற்பது செல்களை வரிசையாக நிறுத்தலாம். எலும்பு மஜ்ஜையில் உருவாகி வெளியே வருமுன் தன் உட்கருவையே தூக்கி எறிந்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. இருக்கிற இடம் முழுக்க ஹீமோகுளோபினுக்கே. உட்கரு இல்லாததால் பழுது பார்த்துக்கொள்ள வழியில்லை, ஏறக்குறைய 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். அதை ஈடுகட்ட மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் புதிது புதிதாகத் தயாரிக்கிறது. இரும்புச்சத்து வராவிட்டாலும் மஜ்ஜை வேலையை நிறுத்துவதில்லை. வெறும் உறையாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு மாடிப்படி ஏறும்போது அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்குவது இந்தக் காலி வட்டங்களால்தான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அந்த எண்ணிக்கையைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த தகடு ஒரு கர்ப்பிணியுடையது. இதில் சிவப்பணுக்கள் வெளுக்கவில்லை, ஊதியிருந்தன. பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு வெள்ளையணு. அதன் உட்கரு துண்டு துண்டாக, மெல்லிய இழையால் இணைந்திருந்தது. எண்ணச் சொன்னார். ஆறு. வழக்கமாக மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்துதான் இருக்கும். “ஃபோலிக் ஆசிடோ பி12-ஓ கொறைஞ்சா இப்படி வரும் சார். மெஷின் இத எண்ணாது.”

டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்க ஃபோலிக் ஆசிட் வேண்டும். அது குறைந்தால் செல் வளர்கிறது, ஆனால் உட்கரு தயாராகாததால் பிரிய முடியாமல் பெருத்துப் போகிறது. இதைக் கண்டுபிடித்த கதை நம் பக்கத்துக் கதை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். பிறகு சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த, ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற மலிவான மார்மைட்டைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-ல் அதை வெளியிட்டார். மார்மைட்டுக்குள் இருந்தது ஃபோலிக் ஆசிட் என்று பிற்பாடு தெரிந்தது. பஞ்சாலைப் பெண்ணின் ரத்தத்தில் ஆரம்பித்த விஷயம் இன்றைக்கு அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடங்களில் நீல மாத்திரையாக வாரம் ஒருமுறை கைக்கு வருகிறது: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், இலவசம். வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளைகள் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவதாக டெக்னீஷியன் சொன்னார். அவருடைய தங்கை மகளும் அப்படித்தானாம். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகாது.

வெளியே வந்தபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. பங்குனி வெயில். திருநகரம் பக்கம் நடந்தேன். தெரு திரும்புமுன்பே தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அருப்புக்கோட்டை சேலைக்குப் பேர்போன ஊர். கைத்தறி சுருங்கி விசைத்தறி பெருகியபின் இந்தத் தெருக்களுக்கு அமைதி என்பதே ஞாயிற்றுக்கிழமையும் கரண்ட் போகும் நேரமும்தான். திறந்திருந்த ஒரு கூடத்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். எட்டுத் தறி, இரண்டு ஆள். பஞ்சுத் தூசி டியூப்லைட் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

உரிமையாளர் வெளியே வந்து பேசினார். சத்தம் பழகிவிட்டால் ஒன்றும் தெரியாது என்றார். போனில் சத்தம் அளக்கும் செயலி வைத்திருந்தேன். உள்ளே இரண்டு தறிக்கு நடுவில் நின்று பார்த்தால் 96, 97 டெசிபல் காட்டியது. போன் கருவி துல்லியமானதில்லை என்பது தெரியும். ஆனாலும் 90-க்கு மேல் எட்டு மணி நேரம் வேலை பார்க்கக்கூடாது என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதி. இங்கே ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம்.

உள்ளே நின்ற அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். சந்தேகம் வந்து, வெளியே கூட்டி வந்து, அவர் முதுகுப் பக்கம் நின்று அதே குரலில் “அண்ணாச்சி, எந்த ஊரு?” என்றேன். திரும்பவில்லை. முன்னால் வந்து கேட்டதும் “பாளையம்பட்டி” என்றார். அவ்வளவு நேரமும் அவர் பார்த்தது என் உதட்டை.

பழகிவிட்டது என்று சொல்வது இதைத்தான். உள்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட எலும்புக்குள் ஏறத்தாழ 15,000 செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மிக நுண்ணிய மயிர்க் கற்றை. ஒலி வந்தால் கற்றை சாய்கிறது, செல் சவ்வில் வாசல் திறக்கிறது, அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்புக்குச் சேதி போகிறது. நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தால் கற்றை முறிந்து செல் சாகிறது. தோலில் செல் செத்தால் புதிது வரும். இந்தச் செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உயர் சுருதி ஒலியைக் கேட்கும் செல்கள். அதனால் போன் மணி, குருவிச் சத்தம், பேத்தியின் மெல்லிய குரல் முதலில் மறைகிறது. ஆள் தனக்குக் காது கேட்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். மருந்துக் கடையில் காதில் செருகும் நுரை அடைப்பான் ஒரு ஜோடி 20 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டு ஜோடி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காதில் வைத்ததை நான் பார்க்கவில்லை.

திருச்சுழிக்கு அங்கிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே உழுது போட்ட கரிசல், அறுவடை முடிந்த பருத்திக் கட்டை, தண்ணீர் வற்றி வெடித்துக் கிடக்கும் கண்மாய். தூரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வெள்ளைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் ஒரு புகைக்குப் பக்கமாக இறங்கிக்கொண்டேன்.

கரி மூட்டம். ரோட்டிலிருந்து கால் கிலோமீட்டர் உள்ளே. சீமைக்கருவேலங் கட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, மேலே செத்தையும் தழையும் போட்டு, மண்ணைப் பூசி, அடியில் தீ வைத்து, காற்று அதிகம் போகாமல் நாள் கணக்கில் வேகவிடுகிறார்கள். வெள்ளைப் புகை வருகிறவரைக்கும் ஈரம் போகிறது, நீலமாக மெலிந்தால் கரி ஆகிவிட்டது என்றார் மூட்டம் பார்க்கிற பெரியவர். அறுபத்தைந்து வயது இருக்கும். துண்டைத் தலையில் கட்டியிருந்தார், மூக்கில் எதுவும் இல்லை. கிலோ 20 ரூபாய்க்கு வியாபாரி எடுக்கிறாராம். பத்தடி தள்ளி நின்ற எனக்கே கண் எரிந்து இருமல் வந்தது.

“எங்களுக்கு இந்தப் பொகை ஒண்ணும் செய்யாதுய்யா. சின்னப் புள்ளையில இருந்து இதுலதான் கெடக்கோம்.”

சொல்லி முடித்து ஓரமாகத் திரும்பித் துப்பினார். மண்ணில் விழுந்த சளியை நான் பார்த்தேன். சாம்பல் நிறம், நடுவில் கறுப்புப் புள்ளிகள்.

அந்தக் கறுப்பு வெளியே வந்தது நல்லதுதான். வெளியே தள்ளியவை மூச்சுக்குழாய் உட்சுவர்ச் செல்கள். அவற்றின் மேல் இருக்கும் இழைகள் ஓயாமல் ஒரே திசையில் அசைந்து சளியை மேலே ஏற்றுகின்றன. புகை நாளாக ஆக அந்த இழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. தப்பிக் கீழே இறங்கிய கரித்துகளை நுரையீரலின் விழுங்கு செல்கள் பிடித்து விழுங்குகின்றன. அவற்றுக்குள் லைசோசோம் என்று சின்னச் சின்ன நொதிப் பைகள் உண்டு; கிருமியானாலும் செத்த செல்லானாலும் கரைத்துவிடும். கரியை மட்டும் கரைக்க முடியாது. விழுங்கிய செல் கரியோடே செத்துப்போகும், அந்தக் கரியை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். கரி அங்கேயேதான் இருக்கும்.

பேச்சுவாக்கில், இளவயதில் டி.பி. வந்து மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டதைச் சொன்னார். அதே விழுங்கு செல்தான் டி.பி. கிருமிக்கும் வீடு. விழுங்கப்பட்ட கிருமி லைசோசோம் தன்மேல் வந்து சேராதபடி தடுத்து உள்ளேயே குடியிருக்கும். மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் வீட்டில் இருந்தபடியே மருந்து கொடுத்தாலும் டி.பி. குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம். 1959-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள் மூட்டத்தை விட்டு விலகாமல் பிழைத்தது அந்த ஆய்வினால்.

அந்தக் காலத்து ஊசி என்றால் ஸ்ட்ரெப்டோமைசின். கிருமியின் செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு தயாரிப்பைக் குழப்பும். அது எந்த இடத்தில் எப்படி ஒட்டுகிறது என்பதை 2000-ல் அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டிய குழுவின் தலைவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் நோபல் பரிசு வாங்கியவர். மனிதச் செல்லின் ரைபோசோம் வேறு மாதிரி என்பதால் மருந்து நம்மை விட்டுவிடுகிறது. முழுவதுமாக இல்லை. நம் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடிவந்தது. அதற்கென்று தனி ரைபோசோம் உண்டு, பாக்டீரியாவுடையதைப் போன்றது. காதின் மயிர்ச் செல்லுக்குள் இந்த மருந்து புகுந்தால் அதையும் கெடுக்கும். சிலருக்குத் தாய் வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் சில ஊசியிலேயே காது போய்விடும்.

பெரியவரிடம் நான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது எல்லாவற்றையும். வயதாகிவிட்டது என்றார். வயதாகவும் இருக்கலாம், ஊசியாகவும் இருக்கலாம். தறிக் கூடத்திலும் மூட்டத்திலும் வெவ்வேறு வழியில் போய்ச் சேர்ந்த இடம் ஒரே செல்.

அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம். திருச்சுழியில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. குண்டாற்றில் மணல்தான் ஓடுகிறது. திருமேனிநாதர் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. சந்நிதி இருட்டில் எண்ணெய் வாசனையும் வௌவால் வாடையும். கல்தரை அந்த நேரத்திலும் உள்ளங்காலைச் சுட்டது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, பக்கத்துத் தெருவில் நான் தேடி வந்த வீட்டுக்குப் போனேன்.

சுந்தர மந்திரம். வக்கீல் சுந்தரம் ஐயரின் வீடு. 1879 டிசம்பர் 30-ல் வெங்கட்ராமன் இங்கேதான் பிறந்தார். 1896-ல் மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷி ஆனார். வீட்டை ரமணாசிரமம் பராமரிக்கிறது. உள்ளே குளுமை. பிறந்த இடம் என்று ஓர் அறையில் படம் வைத்துப் பூஜை நடக்கிறது. வந்திருந்தவர்கள் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் சற்று நேரம் உட்கார்ந்தேன். எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது இந்த வீட்டில் பிறந்த உடம்பின் இடது கை.

அவருடைய இடது முழங்கை அருகே சின்னக் கட்டி வந்தது. 1949 பிப்ரவரியில் அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அதே இடத்தில் திரும்ப வந்தது. மார்ச்சில் சென்னை டாக்டர்கள் வந்து மறுபடி எடுத்தார்கள். எடுத்த சதையைச் சோதித்ததில் சார்க்கோமா என்று தெரிந்தது. கையை எடுத்துவிடலாம் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை, உடம்பே ஒரு நோய்தான், அது அதன் போக்கில் முடியட்டும் என்பது அவர் நிலை. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டில் மூன்றாவது அறுவை, டிசம்பரில் நான்காவது. இடையில் பச்சிலையும் ஹோமியோபதியும் நடந்தன. 1950 ஏப்ரல் 14 இரவு காலமானார். பக்தர்களின் வினையை வாங்கிக்கொண்டார் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு, இன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதையே சொன்னார். அவர் நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தச் சதைத் துண்டையும் யாரோ ஒருவர் சாயம் போட்டு, லென்ஸ் வழியாகப் பார்த்திருக்கிறார்.

நாம் அடிக்கடி கேள்விப்படும் புற்றுநோய்கள் வாய், மார்பு, கர்ப்பப்பை என்று உறுப்புகளின் மேல் படலச் செல்களில் தொடங்குபவை. சார்க்கோமா அப்படியில்லை. தசை, கொழுப்பு, நரம்பின் உறை, எலும்பு என்று உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் திசுக்களில் தொடங்குவது. லென்ஸில் அந்தச் செல்கள் பெரும்பாலும் நீண்டு இரண்டு முனையும் கூர்ந்திருக்கும். உட்கரு பெருத்து, கறுத்து, ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல் இருக்கும். பிரிவதற்காகக் குரோமோசோம்களைக் கூட்டி நிறுத்திய செல்கள் அங்கங்கே தென்படும்; சாதாரணத் தசையில் அதைப் பார்ப்பது அபூர்வம். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற உத்தரவு டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது. அது சிதைந்தால் செல் நிறுத்துவதில்லை. கட்டியைச் சுற்றிக் கண்ணுக்கு நல்ல சதையாகத் தெரிகிற இடத்திலும் நாலு செல் தங்கியிருக்கும். அறுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தது அதனால்தான்.

காலையில் லேபில் பார்த்த ஃபோலிக் ஆசிட் எனக்கு இங்கே மறுபடி முக்கியமாகப் பட்டது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் 1940-களில் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. செல் பிரிய அது வேண்டும் என்றால், அதைப் போலவே இருந்து வேலை செய்யாத ஒன்றைக் கொடுத்தால் பிரிவது நிற்குமே என்ற வழியில் அவர்கள் தயாரித்த பொருள் அமினோப்டெரின். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, சிலருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948 ஜூனில் வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அதற்கடுத்த ஆண்டுதான் திருவண்ணாமலையில் கட்டிக்கு ரேடியம் வைத்தார்கள். மருந்து சார்க்கோமாவுக்கு வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைகூட 1954-ல்தான் திறந்தது.

ஐந்து மணிக்கு பஸ் நிறுத்தத்தில் டீ குடித்தேன், 12 ரூபாய். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆட்டுத் தரகு பார்ப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். வலது மேற்கையில் சட்டைக்குள் ஏதோ புடைத்திருந்தது. கேட்டேன். சட்டையை ஏற்றிக் காட்டினார். கோழி முட்டைக்குக் கொஞ்சம் பெரிது.

“கொழுப்புக் கட்டி சார். பத்து வருசமா இருக்கு. வளரவும் இல்ல, வலிக்கவும் இல்ல.”

சட்டைக் கையின் தையலை அந்தப் பக்கம் மட்டும் பிரித்து, உள்மடிப்பை விட்டு, புது நூலால் தைத்திருந்தது. இடது பக்கம் பழைய தையல் அப்படியே இருந்தது. “இது எப்பப் பிரிச்சது?” என்று கேட்டேன். கையைத் திருப்பிப் பார்த்தார். “பொங்கலுக்கு. வீட்டுல பிரிச்சுவிட்டா.” மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இந்த மாதிரிக் கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் கொழுப்புத்தான். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், வளர்ந்தால், தோலுக்கு அடியில் நழுவாமல் ஆழத்தில் பிடித்து நின்றால், இதில் எது இருந்தாலும் சோதிக்க வேண்டும். அவருக்கு இரண்டாவது நிச்சயம் இருந்தது, முதலாவதும் இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. ஸ்கேன் எடுப்பார்கள், மெல்லிய ஊசியால் கட்டிக்குள் இருந்து கொஞ்சம் செல்லை உறிஞ்சி, தகட்டில் தடவி, சாயம் போட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மதுரைக்கு எழுதிக் கொடுப்பார்கள் என்றேன். வலிக்காததால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை, சார்க்கோமா முதலில் பெரும்பாலும் வலிக்காது என்பதையும் சொன்னேன். அந்தத் தெருவில் பிறந்தவருடைய கையைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. கட்டியோடு சேர்த்து யோசித்ததில்லை.

“ஊசிதான? அறுக்க மாட்டாங்களே?”

“முதல்ல ஊசிதான் அண்ணாச்சி. பார்த்துட்டுத்தான் மத்தது.”

“அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரியில பாப்பாங்களா?”

“காலையில ஓ.பி. சீட்டுப் போடுற நேரத்துக்குப் போயிருங்க.”

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்து, காலை ஏழு மணி வண்டி நிற்குமா என்று கேட்டார். “அதுல போகாதீக, பள்ளிக்கூடப் புள்ளைக கூட்டம். ஆறே முக்கா வண்டியப் புடிங்க” என்றார் கடைக்காரர்.